ஆங்கிலப் பெயர்ச்சொல் - முன்னிடைச்சொல் இணைவு

ஆங்கிலப் பெயர்ச்சொல் - முன்னிடைச்சொல் இணைவு என்பது, ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் வேறொரு பெயருடன் உறவு கொள்ளும்போது குறிப்பிட்ட ஒரு முன்னிடைச்சொல்லையே வழக்கமாகத் துணைக்கொள்ளும் இயல்பைக் குறிக்கும். தேவை எனப் பொருள்படும் "டிமாண்ட்" என்ற சொல் "ஃபார்" என்பதை ஏற்கும். விளைவு எனப் பொருள்படும் "எஃபெக்ட்" "ஆன்" என்பதையும், தீர்வு எனப் பொருள்படும் "சொல்யூஷன்" "டு" என்பதையும், உயர்வைக் குறிக்கும் "ரைஸ்" "இன்" என்பதையும், பற்றாக்குறையைக் குறிக்கும் "ஷார்ட்டேஜ்" "ஆஃப்" என்பதையும் ஏற்கும். இவ்விணைவை அந்தந்த ஆங்கிலப் பெயர்ச்சொல்லே முடிவு செய்கிறது. எழுதுபவரின் மனத்தில் உள்ள தமிழ்த் தொடரின் வேற்றுமை உருபு அதை முடிவு செய்வதில்லை. தமிழ் வழியாக ஆங்கிலம் கற்பவர்கள் தடுமாறும் இடங்களுள் இது முதன்மையானது.

இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகள் பல நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தின் அன்றாடப் பேச்சையும் தொழிலையும் ஒட்டி அமைந்தவை. காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோட்டுக்கு எதிரே அமைந்த இவ்வூர் விசைத்தறிகளுக்கும், 1960இல் தொடங்கப்பட்ட சேஷசாயி காகித நிறுவனத்தின் ஆலைக்கும் அறியப்பட்டது. ஆங்கிலம் படிக்காதவர்களும் ஆர்டர், லோன், அட்வான்ஸ், டெலிவரி, டிமாண்ட் ஆகிய ஆங்கிலப் பெயர்ச்சொற்களை நாள்தோறும் ஆளும் தொழில் நகரம் என்பதால் இப்பொருளை விளக்க ஏற்ற களமாகும்.

உருபும் முன்னிடைச்சொல்லும்

தமிழில் பெயர்களுக்கிடையிலான உறவைப் பெயருக்குப் பின் ஒட்டும் வேற்றுமை உருபுகளும், மேல், மீது, பற்றி, இடம், உடன் முதலிய சொல்லுருபுகளும் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் அதே பணியைப் பெயருக்கு முன் தனிச்சொல்லாக நிற்கும் முன்னிடைச்சொற்கள் செய்கின்றன. பழைய ஆங்கிலத்திலும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை இடைக்கால ஆங்கிலத்தில் பெரும்பாலும் தேய்ந்து மறைந்தபோது, அவற்றின் சுமையை முன்னிடைச்சொற்களும் சொல்வரிசையும் ஏற்றுக்கொண்டன.

இரண்டும் ஒரே பணியைச் செய்வதால், ஓர் உருபுக்கு ஒரு முன்னிடைச்சொல் என்று ஒப்பிட்டுப் படிக்கும் வழக்கம் மாணவரிடையே உண்டு. "கு" உருபுக்கு "டு", "இல்" உருபுக்கு "இன்", "இருந்து" என்பதற்கு "ஃப்ரம்", "உடன்" என்பதற்கு "வித்" என்று இவ்வொப்பீடு செல்லும். தொடக்க வகுப்புகளில் இது பயன்படும். பின்னர் இதுவே இடறும்.

நான்காம் வேற்றுமையை எடுத்துக்கொள்வோம். கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என நன்னூல் இதன் பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. (13ஆம் நூற்றாண்டில் இந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் கொங்கு நாட்டின் சீனாபுரத்தைச் சேர்ந்தவர் என்ற கருத்தும் உண்டு. அவ்வாறாயின், பள்ளிபாளையத்திலிருந்து ஆற்றைக் கடந்தால் அவர் ஊர் தொலைவில் இல்லை.) ஒரே "கு" உருபு தாங்கும் இப்பொருள்கள் ஆங்கிலத்தில் சிதறிப் போகின்றன. "நோய்க்கு மருந்து" என்பது "மெடிசின் ஃபார்" எனவும், "ஊருக்குக் கொடை" என்பது "கிஃப்ட் டு" எனவும், "அவருக்கு மகன்" என்பது "சன் ஆஃப்" எனவும், "நூலுக்கு வரி" என்பது "டேக்ஸ் ஆன்" எனவும் ஆகும். மருந்து என்ற ஒரு கருத்துக்குள்ளேயே "க்யூர்", "ரெமடி", "ட்ரீட்மென்ட்" ஆகியவை "ஃபார்" ஏற்க, நோயை எதிர்க்கும் ஆற்றலாகிய "ரெசிஸ்டன்ஸ்" "டு" ஏற்கிறது. பொருளால் அண்டை வீட்டாராக இருந்தாலும் துணைச்சொல் வேறாகிறது.

இத்தகைய பிணைப்பு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தமிழிலும் கோபம் ஒருவர் "மேல்" வருகிறது, உறவு ஒருவர் "உடன்" ஏற்படுகிறது, ஆர்வம் ஒன்றில் "இல்" கொள்ளப்படுகிறது. "அவர் மேல் சந்தேகம்" என்பதும் "கணக்கில் சந்தேகம்" என்பதும் வேறு வேறு என்பதைத் தமிழ்ச் சிறுவர் எவரும் விதி படித்து அறிவதில்லை. உருபுகள் ஒன்றன் இடத்தில் ஒன்று வந்து மயங்குவதை விளக்கத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தைக் காரணமற்ற மொழி என்று குறை கூறத் தேவையில்லை.

தமிழுக்குள் வந்த ஆங்கிலப் பெயர்கள்

கற்பவரின் இடர்ப்பாட்டுக்கு மற்றொரு காரணமும் உண்டு. இலக்கணக் கையேடுகள் இதைப் போதிய அளவு கவனிப்பதில்லை. தமிழகத்து மாணவர் பல ஆங்கிலப் பெயர்ச்சொற்களை ஆங்கிலப் பாடத்தில் முதன்முறையாகச் சந்திப்பதில்லை. அவை ஏற்கெனவே வீட்டிலும் தெருவிலும் தறிக்கூடத்திலும் தமிழ்ச் சொற்களாகிவிட்டன. அவ்வாறு வந்தபோது அவை தம் முன்னிடைச்சொற்களைக் கரையிலேயே விட்டுவிட்டு, தமிழ் உருபுகளைப் பூண்டுகொண்டன. மாணவர் ஆங்கிலம் எழுதத் தொடங்கும்போது, பெயர் தெரிந்ததாகவே தோன்றுகிறது. அதன் பழைய துணை மட்டும் தெரியாது.

"டவுட்" என்ற சொல் இதற்கு நல்ல சான்று. "இந்தக் கணக்கில் டவுட்" என்ற பேச்சுத் தொடர் ஆங்கிலத்தில் "டவுட் இன்" என வடிவெடுக்கிறது. ஆங்கில வழக்கு "டவுட் அபௌட்" என்பதாகும். அதிலும் "டவுட்" என்பது நம்பிக்கைக் குறைவைக் குறிக்கும் சொல். கணக்கு புரியவில்லை என்று கேட்க வந்த மாணவர், கணக்கே சரிதானா என ஐயுறுவதாக ஆங்கிலேயர் ஒருவர் பொருள் கொள்ளக்கூடும். அவ்விடத்தில் கேள்வி என்னும் பொருளுடைய "குவெஸ்சன்" என்ற சொல்லே பொருந்தும்.

தறித்தொழிலில் "அட்வான்ஸ்" என்பது தொழிலாளர் கூலிக்கு ஈடாக முன்கூட்டியே வாங்கும் தொகை. "கூலியில் அட்வான்ஸ்" என்பதை அப்படியே பெயர்த்தால் "அட்வான்ஸ் இன்" என வரும். ஆங்கிலத்தில் "அட்வான்ஸ் இன்" என்பது ஒரு துறையில் ஏற்பட்ட முன்னேற்றத்தைக் குறிக்கும். மருத்துவத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் என்பது போல. கூலியின் மீது பெறும் முன்பணம் "அட்வான்ஸ் ஆன்" ஆகும். முன்னிடைச்சொல் ஒன்று மாறினால் விண்ணப்பத்தின் பொருளே மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

"இன்ட்ரஸ்ட்" என்பதும் இவ்வகையினதே. வட்டியைக் குறிக்கும்போது இது "ஆன்" ஏற்கும். கடனுக்கான வட்டி "இன்ட்ரஸ்ட் ஆன் எ லோன்" ஆகும். ஆர்வத்தைக் குறிக்கும்போது "இன்" ஏற்கும். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குள்ள பங்குரிமையும் "இன்ட்ரஸ்ட் இன்" என்றே வழங்கும். "லோனுக்கு வட்டி" என்ற தமிழ்த் தொடரின் "கு" உருபைப் பின்பற்றி "ஃபார்" எழுதுவோர் உளர்.

"கம்ப்ளெய்ன்ட்" எனப்படும் முறையீடு ஒரே தொடரில் பல முன்னிடைச்சொற்களை ஏற்பது. மின்தடை குறித்து முறையிட்டால் "அபௌட்", மின்வாரிய அலுவலரிடம் முறையிட்டால் "டு", ஒரு நபர் மீது முறையிட்டால் "அகெய்ன்ஸ்ட்". தமிழின் பற்றி, இடம், மீது ஆகியவற்றோடு இவை ஏறத்தாழ ஒத்து வருவதால் இங்கு இடர்ப்பாடு குறைவு. ஆனால் "மின்வாரியத்தில் கம்ப்ளெய்ன்ட்" என்று பேசிப் பழகியவர் "இன்" எழுதிவிடுவதுண்டு.

வினையும் அதன் பெயரும்

முன்னிடைச்சொல் பிழைகளுள் மிகவும் பரவலானவை வினைச்சொல்லையும் அதனோடு தொடர்புடைய பெயர்ச்சொல்லையும் ஒன்றெனக் கருதுவதால் நேர்கின்றன.

ஆங்கிலத்தில் "டிஸ்கஸ்" என்ற வினை செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். இடையில் முன்னிடைச்சொல் தேவையில்லை. ஆனால் "டிஸ்கஷன்" என்ற பெயர் நேரடியாக எதையும் ஏற்க இயலாது. "அபௌட்", "ஆன்", "ஆஃப்" ஆகியவற்றுள் ஒன்று வேண்டும். "டிஸ்கஸ் அபௌட்" என்ற பிழை வழக்கு இங்கிருந்தே பிறக்கிறது. பெயருக்குரிய முன்னிடைச்சொல்லை வினைக்கும் பூட்டிவிடுகின்றனர். "விலை பற்றிப் பேசினோம்" என்ற தமிழ்த் தொடரில் உள்ள "பற்றி" அதற்கு ஊக்கம் தருகிறது.

இதே வாய்பாடு பல சொற்களில் அமைந்திருக்கிறது. வலியுறுத்துதலைக் குறிக்கும் "எம்ஃபசைஸ்" என்ற வினைக்கு முன்னிடைச்சொல் இல்லை. "எம்ஃபசிஸ்" என்ற பெயருக்கு "ஆன்" உண்டு. "ரிக்வெஸ்ட்", "ஆர்டர்", "டிமாண்ட்" ஆகிய மூன்றும் வினையாகவும் பெயராகவும் ஒரே வடிவில் நிற்பவை. வினையானால் பொருளை நேரே ஏற்கும், பெயரானால் "ஃபார்" ஏற்கும். "துண்டுக்கு ஆர்டர் வந்துள்ளது" என்பதைப் பெயராகக் கொண்டு "ஆன் ஆர்டர் ஃபார் டவல்ஸ்" என எழுதுவது சரி. ஆர்டர் கொடுத்தோம் என வினையாக்கும்போது அந்த "ஃபார்" விலக வேண்டும். நுழைதலைக் குறிக்கும் "என்டர்" ஓர் இடத்தை நேரே ஏற்க, "என்ட்ரி" என்ற பெயர் "இன்டு" அல்லது "டு" கொள்ளும். "விசிட்" வினையாயின் தனித்தும், பெயராயின் "டு" உடனும் வரும். "அஃபெக்ட்" என்ற வினைக்கும் "எஃபெக்ட் ஆன்" என்ற பெயருக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. பற்றாக்குறையைக் குறிக்கும் "லேக்" வினையில் தனித்து நிற்கும். பெயரில் "ஆஃப்" பெறும்.

இதற்கு எதிரான வகையும் உண்டு. வினையே முன்னிடைச்சொல்லை ஏற்குமானால் பெயரும் பெரும்பாலும் அதையே தொடரும். விண்ணப்பித்தலுக்குரிய "அப்ளை ஃபார்" என்பதிலிருந்து "அப்ளிகேஷன் ஃபார்", நம்புதலுக்குரிய "பிலீவ் இன்" என்பதிலிருந்து "பிலீஃப் இன்", சார்ந்திருத்தலுக்குரிய "டிபெண்ட் ஆன்" என்பதிலிருந்து "டிபெண்டன்ஸ் ஆன்", மறுத்துரைத்தலுக்குரிய "அப்ஜெக்ட் டு" என்பதிலிருந்து "அப்ஜெக்ஷன் டு" என வருவன இவ்வகை. இங்கு ஒன்றைக் கற்றால் இரண்டு கிடைக்கும்.

பெயரடைகளிடம் இந்த உறுதியை எதிர்பார்க்க இயலாது. பெருமிதம் கொண்ட நிலையைக் குறிக்கும் "பிரௌட்" என்ற பெயரடை "ஆஃப்" ஏற்கும். அதன் பெயராகிய "பிரைட்" "இன்" ஏற்கும். "ஃபாண்ட்" என்ற பெயரடைக்கு "ஆஃப்", "ஃபாண்ட்னெஸ்" என்ற பெயருக்கு "ஃபார்". ஒரே வேரிலிருந்து கிளைத்தவை இவ்வாறு பிரிவதற்கு விதி தேடிச் சோர்வதைவிட, தனித்தனியே மனத்தில் கொள்வது எளிது.

பொருள் வழிக் குழுக்கள்

இணைவுகள் முற்றிலும் ஒழுங்கற்றவை அல்ல. பொருளால் நெருங்கிய பெயர்கள் சில ஒரே முன்னிடைச்சொல்லின்கீழ் திரள்வதைக் காணலாம்.

வேண்டுதலையும் நாட்டத்தையும் குறிப்பவை "ஃபார்" என்பதை நாடுகின்றன: "நீட்", "டிமாண்ட்", "டிசையர்", "ஹங்கர்", "தர்ஸ்ட்", "ரிக்வெஸ்ட்". ஒன்றன் மீது விழும் அழுத்தம், தடை, சுமை ஆகியவற்றைக் குறிப்பவை "ஆன்" ஏற்கின்றன: "எஃபெக்ட்", "பிரஷர்", "டேக்ஸ்", "பேன்", "லிமிட்", "அட்டாக்". தமிழிலும் இவற்றுட் பல "மீது" ஏற்பதால் இக்குழு தமிழருக்கு எளிதாகும். ஏற்ற இறக்கங்களைக் குறிப்பவை "இன்" ஏற்கின்றன. நூல் விலை உயர்வு "ரைஸ் இன்" எனவும், விற்பனைச் சரிவு "ஃபால் இன்" எனவும், மாற்றம் "சேஞ்ச் இன்" எனவும் வரும். ஆனால் உயர்ந்த அளவைச் சொல்லும்போது "ஆஃப்" வந்து சேரும். கிலோவுக்கு 20 ரூபாய் உயர்வு என்றால் 20 ரூபாய்க்கு முன் "ஆஃப்", விலைக்கு முன் "இன்", ஆக ஒரே பெயருக்கு இரண்டு துணைகள்.

ஒன்றை நோக்கிச் செல்வதும் ஒன்றுக்கு மறுமொழியாவதும் "டு" ஏற்கும்: "ஆன்ஸர்", "ரிப்ளை", "அப்ரோச்", "ஆக்சஸ்", "த்ரெட்". "சொல்யூஷன் டு" என்பதும் இக்குழுவினதே. பூட்டின் சாவியைக் குறிக்கும் "கீ" என்பதும் "டு" ஏற்பது முதலில் வியப்பளிக்கும். பூட்டுக்குச் சாவி விடை போன்றது என்று எண்ணினால் வியப்பு அடங்கும். பாடநூலின் விடைத்தொகுப்பையும் ஆங்கிலத்தில் "கீ" என்றே வழங்குகின்றனர்.

காரணம் என்னும் கருத்து இக்குழுக்களுக்குள் அடங்குவதில்லை. தமிழில் "விபத்துக்குக் காரணம்" என்ற ஒரே தொடர், "காஸ்" என்ற சொல்லால் பெயர்க்கப்பட்டால் "ஆஃப்" பெறும். "ரீசன்" என்ற சொல்லால் பெயர்க்கப்பட்டால் "ஃபார்" பெறும். முன்னது விபத்தை விளைவித்த நிகழ்வு, பின்னது அதை விளக்கும் நியாயம். "காஸ் ஃபார்" என்ற வடிவமும் வழக்கில் உண்டு என்பது சிக்கலைக் கூட்டுகிறது. கவலைப்பட இடமிருக்கிறது என்ற பொருளில் "காஸ் ஃபார் கன்சர்ன்" என்பர். அங்கு "காஸ்" விளைவிப்பதைக் குறிக்கவில்லை, நியாயத்தையே குறிக்கிறது.

பெயருக்கு முன்னால் வருபவை

பெயர் தனக்குப் பின்வரும் முன்னிடைச்சொல்லைத் தேர்வது போலவே தனக்கு முன்வருவதையும் தேர்வதுண்டு. நன்கு விலைபோகும் துணி "இன் டிமாண்ட்" ஆகும். கேட்டவுடன் செலுத்த வேண்டிய கடன் பத்திரமாகிய புரோநோட்டில் வருவது "ஆன் டிமாண்ட்" ஆகும். விற்பனைக்கு வைக்கப்பட்ட பொருள் "ஃபார் சேல்". கடைகளில் கிடைக்கும் நிலை "ஆன் சேல்". இதற்கு அமெரிக்காவில் தள்ளுபடி விலையில் விற்கப்படுகிறது என்ற பொருளும் உண்டு.

இடப்பொருளில் தமிழின் "இல்" உருபு மாணவரை எளிதில் "இன்" என்பதற்கு இழுத்துச் செல்லும். தறியில் நெய்த துணிக்கு ஆங்கிலம் "ஆன் எ லூம்" என்கிறது. காவிரிக் கரையில் அமைந்த ஊர் "ஆன் த காவேரி" எனப்படும். "இன் த காவேரி" என்றால் ஊர் ஆற்றுக்குள் கிடக்கும். ஈரோட்டையும் பள்ளிபாளையத்தையும் இணைக்கும் பாலம் "ஓவர்" அல்லது "அக்ராஸ்" ஏற்கும். எதிர்ப்பக்கத்தைக் குறிக்கும் "ஆப்பசிட்", அருகாமையைக் குறிக்கும் "நியர்" ஆகியவை தாமே முன்னிடைச்சொற்கள். "ஈரோட்டுக்கு எதிரே", "ஈரோட்டுக்கு அருகே" எனத் தமிழில் "கு" வருவதால் இவற்றின் பின்னும் "டு" சேர்ப்பவர் பலர். முகவரிகளில் அதற்குத் தேவையில்லை.

ஆய்வு வரலாறு

இத்தகைய இணைவுகள் முறையாகத் தொகுக்கப்பட்டதில் ஆசிய வகுப்பறைகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இவை கண்ணில் படுவதில்லை. பிறமொழியினருக்குக் கற்பித்தபோதே இவை புலப்பட்டன. ஜப்பானில் பணியாற்றிய ஹெரால்டு பாமர் 1933இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பி முதலியோர் தொகுத்த கற்போர் அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. பின்னாளில் ஆக்ஸ்போர்டு வெளியீடாகப் புகழ்பெற்ற அகராதியின் மூலம் இதுவே.

சொற்கள் தம் சூழலில் வரும் பிற சொற்களோடு கொள்ளும் இணைவை மொழியியற் கோட்பாடாக நிறுவிய ஜே. ஆர். ஃபிர்த், லாகூரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1919 முதல் 1928 வரை ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தமிழ் ஒலிப்பு முறை பற்றி 1934இல் ஒரு சிறு நூலும் எழுதியுள்ளார். அவரது வழிவந்த ஜான் சின்கிளேர் தலைமையில், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கணினியில் திரட்டிய உரைகளைக் கொண்டு உருவான கோபில்டு அகராதி 1987இல் வெளியானது. பென்சன் இணையரும் இல்சனும் தொகுத்து 1986இல் வெளிவந்த பி.பி.ஐ. அகராதி, இலக்கண இணைவுகளைப் பகுத்தபோது பெயரும் முன்னிடைச்சொல்லும் சேர்வதையே முதல் வகையாக வைத்தது.

இந்தியாவில் பல தலைமுறைகள் பயன்படுத்திய ரென் - மார்ட்டின் இலக்கண நூலில் "ஃபார்" ஏற்கும் பெயர்கள், "டு" ஏற்கும் பெயர்கள் எனப் பட்டியல்கள் உள்ளன. ஐயம் தீர்க்க அவை உதவும். எனினும் முன்னிடைச்சொல்லைத் தலைப்பாக்கிப் பெயர்களைக் கீழே அடுக்குவது எழுதுபவரின் தேவைக்கு நேர்மாறானது. எழுதுபவர் கையில் இருப்பது பெயர், தேடுவது முன்னிடைச்சொல். இக்காலக் கற்போர் அகராதிகள் ஒவ்வொரு பெயரின்கீழும் அதன் முன்னிடைச்சொல்லைத் தடித்த எழுத்தில் தருகின்றன. பொருளை மட்டும் பார்த்து அகராதியை மூடும் பழக்கத்தால் இக்குறிப்பு பலரது கவனத்துக்கு வருவதில்லை.

இந்திய ஆங்கிலத்தில்

இந்திய ஆங்கில எழுத்துகளை ஆராய, எஸ். வி. சாஸ்திரி கோலாப்பூரின் சிவாஜி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய உரைத்தொகுப்பு குறிப்பிடத்தக்கது. 1978இல் அச்சான நூல்கள், இதழ்கள் ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் சொற்களை அது கொண்டுள்ளது. பிரித்தானிய ஆங்கிலத்துக்கெனத் தொகுக்கப்பட்ட பத்துக் கோடிச் சொற்களும், 2008இல் வெளியிடப்பட்டுப் பின்னர் நூறு கோடிச் சொற்களாக வளர்ந்த அமெரிக்கத் தொகுப்பும் இணையத்தில் தேடத்தக்கவை. ஒரு பெயரை இட்டு, அடுத்து வரும் முன்னிடைச்சொற்களை எண்ணிக்கையோடு பார்க்கலாம்.

இந்திய வழக்குகள் அனைத்தையும் பிழையென ஒதுக்குவது சரியாகாது. விழிப்புணர்வைக் குறிக்கும் "அவேர்னஸ்" பிரித்தானியரிடம் பெரிதும் "ஆஃப்" ஏற்க, இந்திய நாளிதழ்களில் "அபௌட்" சரளமாக வருகிறது. இதனால் எவருக்கும் பொருள் மயங்குவதில்லை. "டிஸ்கஸ் அபௌட்" என்பதும் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று, ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கேட்கக்கூடியது. ஆயினும் தேர்வுத்தாளிலும் வேலை விண்ணப்பத்திலும் அது பிழையாகவே மதிப்பிடப்படுகிறது. "அட்வான்ஸ் இன்" போல் பொருளையே மாற்றுபவற்றைச் சகித்துக்கொள்ள இடமில்லை.

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தமக்குள் உடன்படாத இடங்களும் உண்டு. வேறுபட்ட என்னும் பொருளுடைய "டிஃபரன்ட்" என்ற பெயரடை இரு நாடுகளிலும் "ஃப்ரம்" ஏற்கும். பிரித்தானியர் "டு" எனவும் அமெரிக்கர் "தேன்" எனவும் சொல்வதுண்டு. அதன் பெயராகிய "டிஃபரன்ஸ்" இப்பூசலில் சேரவில்லை. இரண்டுக்கு இடையே என்றால் "பிட்வீன்", எதில் வேறுபாடு என்றால் "இன்" என இரு கரையிலும் ஒரே வழக்கைப் பேணி வருகிறது.